நீல மூடி பாட்டில்கள்

பளிச்சுவுக்கு அழுக்கு என்றால் ஆகாது.

பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். வீட்டிலும் தெருவிலும் அவள் பளிச்சுதான். கண்ணாடி, மேசை, கதவுக் கைப்பிடி, எதன் மேல் தூசி தெரிந்தாலும் துணியும் கையுமாக வந்து நிற்பாள். ஒருநாள் சோப்பு அழுக்காக இருக்கிறது என்று சொல்லி, இன்னொரு சோப்பைப் போட்டு அதைத் தேய்த்துக் கழுவினாள். அதைப் பார்த்து அப்பா வைத்த பெயர் அது.

அம்மாவுக்கு ஆய்வகத்தில் வேலை. ஆறு, ஏரி, குழாய் என்று தண்ணீர் எங்கே இருந்தாலும் போய் ஒரு பாட்டிலில் பிடித்து வருவார். அதில் நோய் தரும் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார். கிருமிதான் கண்ணுக்குத் தெரியாதே, எப்படிப் பார்ப்பது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. வட்டமான சின்னத் தட்டில் கிருமிக்குப் பிடித்த தீனியைப் பூசி, அதில் தண்ணீரை விட்டு, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிடுவார். கிருமி இருந்தால் தின்று தின்று பெருகும். மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

"திருடனுக்கு விருந்து வெச்சுப் பிடிக்கிறோம்" என்பார் அம்மா.

அந்த மழைக்காலத்தில் கடைத்தெருப் பக்கம் பல பிள்ளைகளுக்கு வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. எதிர்வீட்டு வாண்டுகூடப் படுத்துவிட்டான். ஒரு நிமிடம் சும்மா இருக்காத பயல், தலையணையைக் கட்டிக்கொண்டு துவண்டு கிடந்ததைப் பார்த்தபோது பளிச்சுவுக்குப் பாவமாக இருந்தது.

எந்தத் தண்ணீரிலிருந்து நோய் வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு ஆய்வகங்கள் கை கோத்தன. ஒன்று அம்மாவுடையது. மற்றொன்று தொலைவில், வேறு ஊரில் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் அம்மா இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடிப்பார். நீல மூடி பாட்டில் அம்மாவின் ஆய்வகத்துக்கு. சிவப்பு மூடி பாட்டில் பனிக்கட்டிப் பெட்டியில் ஏறி அந்த ஊருக்குப் போகும். ஒருவர் தவறினாலும் மற்றவர் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? ஒரே தண்ணீர் என்பதால் இருவருக்கும் ஒரே விடை வர வேண்டும்.

அந்த ஊர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்தான் திரை அக்கா. மாலை நேரத்தில் அம்மாவின் கணினித் திரையில் வருவார். வேலைப் பேச்சு முடிந்ததும் பளிச்சுவோடு அரட்டை தொடங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பளிச்சுவின் அம்மாவை அவர் "அக்கா" என்று கூப்பிடுவார். "அப்படின்னா நீ இவங்களைச் சித்தின்னுல்ல கூப்பிடணும்?" என்று அப்பா கேட்டதற்கு, திரைக்குள்ளிருந்தே அவர் அலறினார்.

"சித்தியா! எனக்கு அவ்வளவு வயசாகல சார். அக்காவே இருந்துட்டுப் போறேன்!"

அப்படியே அக்காவாகவே இருந்தார்.

ஒருநாள் மாலை, அம்மா இரண்டு பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டு வந்தார். பொழுது விடியும்போது வீட்டிலிருந்தே நேராகத் தண்ணீர் பிடிக்கப் போகலாம் என்பது அவர் கணக்கு. சிவப்பு மூடி பாட்டில்கள் இருந்த பெட்டியைச் சுற்றி நாடா ஒட்டியிருந்தது. நீல மூடிப் பெட்டி திறந்தே இருந்தது. அம்மா சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

பளிச்சு நீலப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். ஒரு பாட்டிலைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்! அடுத்த பாட்டிலிலும் அப்படியே. பெட்டியில் பாதிக்கு மேற்பட்ட பாட்டில்களில் அதே கதைதான்.

"பாவம் அம்மா. வேலை அவசரத்துல சரியாக் கழுவாம விட்டுட்டாங்க" என்று நினைத்துக்கொண்டாள்.

ஏனோதானோ என்று கழுவுகிறவள் இல்லை அவள். ஆய்வகக்காரர் மகள் அல்லவா? முதலில் கையைத் தேய்த்துக் கழுவினாள். அப்பா காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீரை ஊற்றி ஒவ்வொரு பாட்டிலையும் அலசினாள். சுத்தமான துணியில் கவிழ்த்து உலர்த்தினாள். மூடிகளைத் திருகி, இருந்தபடியே அடுக்கிவைத்தாள். ஒரு பொட்டுத் தூள் மிச்சமில்லை. காலையில் அவள் எழுந்தபோது அம்மா போயிருந்தார். அன்றாடம் துடைக்கும் நூறு பொருள்களில் இதுவும் ஒன்று என்பதால், அவள் அதை மறந்தே போனாள்.

அதன் பிறகு வீட்டில் சிரிப்புக் குறைந்தது.

விடைகள் ஒத்துப்போகவில்லை. ஆற்றுத் தண்ணீரில் இருவருக்கும் ஒரே விடை. கடைத்தெருக் குழாய்த் தண்ணீரில் மட்டும் திரை அக்காவின் தட்டு முழுக்கப் புள்ளிகள், அம்மாவின் தட்டில் ஒன்றுமே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குழாய்களை மூடிவைத்தார்கள். தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. பெட்டியில் மிச்சமிருந்த பாட்டில்களை எடுத்துப் போய் அம்மா மறுபடியும் தண்ணீர் பிடித்தார். மறுபடியும் அதே குளறுபடி.

அன்று மாலை மூவரும் திரையில் பேசினார்கள். மூன்றாவது ஆள், இரண்டு ஆய்வகங்களின் வேலைக்கும் பொறுப்பான சார். அவருக்குக் கேமராவைச் சரியாக வைக்கத் தெரியாது. அவர் பேசினால் திரையில் நெற்றியும், அதற்கு மேலே சுற்றும் மின்விசிறியும்தான் தெரியும். பளிச்சு மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவையும் ஒருத்தருக்கு மட்டும் கிருமி வருதுன்னா என்ன அர்த்தம்?" என்றது நெற்றி. "கிருமி தண்ணியில இல்லம்மா. உங்க மேசையில இருக்கு. இல்லைன்னா உங்க கையில இருக்கு."

"நான் ரொம்பக் கவனமாத்தான் சார் பண்ணினேன்" என்றார் திரை அக்கா. குரல் உள்ளே போயிருந்தது.

"பாட்டில்ல ஏதாவது வித்தியாசம் இருக்குமா சார்?" என்று அம்மா கேட்டார்.

"எப்படி இருக்கும்? ரெண்டும் ஒரே கம்பெனி பாட்டில். குழாய்த் தண்ணிக்கான எல்லாத்துலயும் ஒரே தூள்தானே போட்டிருக்கோம்? இவங்க புதுசு. நீங்க அனுபவசாலி. இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு? இவங்க இந்த வேலையிலேருந்து விலகிக்கட்டும். வேற ஆள் போட்டுக்கலாம். நாளைக்குக் காலையில குழாயைத் திறந்துவிடச் சொல்லிடறேன்."

"சரி சார்" என்பதுபோல் திரை அக்காவின் உதடு அசைந்தது. திரை அணைந்தது.

பளிச்சுவின் பேனா நின்றுவிட்டது. தூளா?

"அம்மா, பாட்டில்ல போட்டிருக்கிற தூள் என்ன தூளு?"

"அதுவா? குழாய்த் தண்ணியில கிருமியைக் கொல்றதுக்குக் குளோரின் கலப்பாங்க. ஒரு மாதிரி வாசனை அடிக்குமே, அதான். பாட்டில்ல பிடிச்ச பிறகும் குளோரின் சும்மா இருக்காது. லேபுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மிச்சமிருக்கிற கிருமியையும் கொன்னுடும். அப்புறம் தட்டுல ஒண்ணும் வராது. குழாய்ல கிருமி இருந்தாலும் இல்லைன்னு நாம ஏமாந்துடுவோம். அந்தத் தூள் போட்டா குளோரின் அடங்கிடும். ஆத்துத் தண்ணில குளோரின் கிடையாது, அதனால அந்தப் பாட்டிலுக்குத் தூளும் கிடையாது."

"குளோரின்தான் கொன்னுடுதே. அப்புறம் குடிச்சா என்னம்மா?"

"குழாயைத் திறந்ததும் வாயை வெச்சுக் குடிக்கிறவன், குளோரின் வேலையை முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டா இருப்பான்?"

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பளிச்சு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் பாதிக்கு மேற்பட்ட பாட்டில்கள். ஒரு பொட்டு மிச்சமில்லாமல் அலசி ஊற்றியவள் அவள்தான்.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? பாட்டில்களை ஏன் வீட்டுக்குக் கொண்டு போனீர்கள் என்று சார் அம்மாவைத்தான் கேட்பார். சற்று முன்னால் "நீங்க அனுபவசாலி" என்று சொன்ன அதே வாயால் திட்டுவார். அம்மா தலை குனிந்து நிற்பதை நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை. சொல்லாவிட்டால்? நாளைக்குக் குழாய் திறந்துவிடும். திரை அக்காவும் திரையில் வரமாட்டார்.

கை பரபரத்தது. துணியை எடுத்து ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அப்போது கணினி மணி அடித்தது. திரை அக்காதான்.

"பளிச்சு, சும்மாதான் கூப்பிட்டேன். நாளையிலேருந்து இங்கே வேற ஒருத்தர் வருவாங்க. அவங்ககிட்டயும் நல்லாப் பேசு, சரியா?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, உங்க கை ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

திரை அக்கா தன் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருந்தது. "கழுவிக்கிட்டே இருக்கேன். முதல் தடவை விடை மாறினதிலேருந்து இப்படித்தான். எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகலையோன்னு தோணுது. சார் சொல்றது சரியாத்தான் இருக்கும் போல. என் கை மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு."

பளிச்சுவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அழுக்கே இல்லாத கையை ஒருவர் இப்படித் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அதுவும் அவளால்!

"உங்க கை சுத்தம்தான் அக்கா!" என்று கத்திவிட்டாள். "நான்தான் பாட்டிலையெல்லாம் கழுவினேன். தூளை அழுக்குன்னு நினைச்சுட்டேன். நீல மூடி பாட்டில் ஒண்ணுலகூடத் தூள் கிடையாது. எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

திரை அக்கா வாயைப் பிளந்தபடி அப்படியே இருந்தார். பளிச்சு திரும்பினாள். சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக அம்மா நின்றிருந்தார்.

பளிச்சுவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கத் துணி கையிலேயே இருந்தும் அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாத்தையும் கழுவினியா?"

"காய்ச்சின தண்ணியில கழுவினேம்மா."

"அது வேறயா!" என்றார் அம்மா. அவருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் பெருமூச்சுதான் வெளியே வந்தது. "ரெண்டு தடவை தண்ணி பிடிச்சிருக்கேன். தூள் இருக்கான்னு ஒரு தடவையாவது குனிஞ்சு பார்த்தேனா? எப்பவும் இருக்கும்னு நினைச்சுட்டேன். சாரைக் கூப்பிடறேன்."

"நானே சொல்றேம்மா."

திரையில் நெற்றி வந்தது. பளிச்சு நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். நடுவில் நாக்கு குழறியது. மென்று விழுங்கி, மறுபடியும் தொடர்ந்தாள்.

"பாட்டில் எப்படிம்மா உங்க வீட்டுக்கு வந்துச்சு?" என்று நெற்றி கேட்டது.

"நான்தான் சார் கொண்டு வந்தேன். காலையில இங்கேருந்தே போறது சுலபம்னு நினைச்சேன். தப்புதான்" என்றார் அம்மா.

"பெரிய தப்பு. இனிமே ஒரு பாட்டிலும் லேப் வாசலைத் தாண்டக் கூடாது. என்ன நடந்துச்சுன்னு நாளைக்கு எனக்கு எழுதிக் கொடுங்க."

"சரி சார்."

பளிச்சு மேசைக்கு அடியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்று சார் தொடர்ந்தார். "பாப்பா கழுவினதாலதான் இப்படி ஆச்சுன்னு எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு கையிலயும் தப்பு இருக்கலாமே?"

திரையில் தன் கட்டத்துக்குள் திரை அக்கா இன்னும் சுருங்கி உட்கார்ந்தார். பளிச்சுவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்படின்னா பார்த்துடலாம் சார்! அதே குழாயில நாலு பாட்டில் பிடிங்க. ரெண்டு தூளோட இருக்கட்டும். ரெண்டை நான் கழுவித் தரேன், முன்னாடி கழுவின மாதிரியே. அம்மாவுக்கு ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணு கொடுங்க. அக்காவுக்கும் ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணு அனுப்புங்க. தப்பு கையிலயா பாட்டில்லயான்னு தெரிஞ்சு போயிடும்."

நெற்றியில் சுருக்கம் விழுந்தது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ம்" என்றார் சார். இன்னும் கொஞ்சம் யோசித்தார். "சரி. அதுவரைக்கும் குழாய் திறக்க வேண்டாம். அந்தப் பொண்ணும் அங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் ஆய்வகத்தின் கழுவுமிடத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். அதில் ஏறி நின்று, சார் திரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, பளிச்சு இரண்டு பாட்டில்களைக் கழுவினாள். எப்போதும் ஆசையாகச் செய்யும் வேலை அன்றைக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முன்பு செய்த அதே மாதிரி செய்தாள். அம்மா குழாய்க்குப் போனார். இம்முறை ஒவ்வொரு பாட்டிலின் அடியையும் குனிந்து பார்த்துவிட்டே தண்ணீர் பிடித்தார்.

தட்டுகள் பெட்டிக்குள் இருந்த நேரம் பளிச்சுவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா ஏதேதோ வேடிக்கை பேசினார். அவள் சிரித்து வைத்தாள்.

பிறகு எல்லாரும் திரைக்கு முன்னால் கூடினார்கள். அம்மா இரண்டு தட்டுகளைத் தூக்கிக் காட்டினார். தூள் இருந்த பாட்டிலின் தட்டில் புள்ளிகள் அப்பியிருந்தன. கழுவிய பாட்டிலின் தட்டில் ஒன்றும் இல்லை.

"உன்னோடதைக் காட்டும்மா" என்றார் சார்.

திரை அக்கா தட்டுகளைத் தூக்கினார். ஒன்றில் புள்ளிகள் அப்பியிருந்தன. இன்னொன்றில் ஒன்றும் இல்லை. அச்சு அசலாக அதேதான்.

அம்மா கைதட்டினார். பளிச்சு நாற்காலியிலிருந்து குதித்தாள். சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்போ கிருமி குழாய்லதான் இருக்கு. குழாய்க்காரங்களைத் தோண்டிப் பார்க்கச் சொல்றேன். சரி, அடுத்த வேலையைப் பார்ப்போம்."

"சார்" என்றாள் பளிச்சு.

"என்னம்மா?"

"கை சுத்தமில்லைன்னு அக்காவைச் சொன்னீங்களே. அதுக்கு ஒண்ணும் சொல்லலையே?"

அம்மா அவள் தொடையைக் கிள்ளினார். திரையில் நெற்றி கீழே இறங்கியது. முதல் தடவையாக இரண்டு கண்களும், மூக்கும், சங்கடமான ஒரு மீசையும் தெரிந்தன.

"ஆமா, சொல்லணும்" என்றார் சார். "நான் அவசரப்பட்டுட்டேன்மா. ரெண்டு தட்டு மாறினா ரெண்டு பக்கமும் தேடணும். நான் ஒரு பக்கம் மட்டும்தான் தேடினேன். மன்னிச்சுக்கோ."

திரை அக்கா தலையை ஆட்டினார்.

கடைத்தெருவைத் தோண்டினார்கள். சாக்கடையை ஒட்டிப் போன குழாயில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் புதுக்குழாய் பொருத்தினார்கள். எதிர்வீட்டு வாண்டு எழுந்து வந்து, தோண்டிய மண் குவியலின் மேல் ஏறிச் சறுக்கினான். பழைய வாலெல்லாம் திரும்ப முளைத்துவிட்டது.

குழாயைத் திறப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை இரண்டு ஆய்வகங்களும் தண்ணீரைச் சோதித்தன. அம்மாவின் தட்டில் புள்ளி எதுவும் இல்லை. திரை அக்காவின் விடைக்காகக் காத்திருந்தார்கள்.

மாலையில் கணினி மணி அடித்தது. திரை அக்கா ஒரு தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். அதைப் பிடித்திருந்த விரல்களில் சிவப்பு ஆறிப்போயிருந்தது.

"நல்லாப் பாரு பளிச்சு. ஏதாவது தெரியுதா?"

பளிச்சு மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லக்கா!"

"ஒண்ணுமே இல்ல!" என்று திரை அக்காவும் கத்தினார். தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். வெறும் தட்டை வைத்துக்கொண்டு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டுப் பளிச்சு பார்த்ததே இல்லை.